மறைந்தவர் பெயரில் உள்ள வீட்டை விற்க யார் கையெழுத்திடுவது? – அனுபவப் பகிர்வு

தோ பாயோ உறுப்பினர்:

வீட்டு உரிமையாளர் மறைந்தபின் அந்த வீட்டை விற்க நினைக்கும் குடும்பங்களில் பேச்சு பெரும்பாலும் விலையிலும் முகவரிலும்தான் தொடங்குகிறது. அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திடச் சட்டப்படி யாருக்கு அதிகாரம்? சிங்கப்பூரில் இருந்த எங்கள் சித்தப்பாவின் மூவறை வீட்டை விற்றபோது ஏற்பட்ட தாமதங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியிலிருந்தே கிளம்பின. அதே நிலையில் இருப்போருக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சித்தப்பா திருமணம் செய்துகொள்ளாதவர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு அவர் ஒருவர் பெயரில் மட்டுமே இருந்தது, உயில் எழுதவில்லை. தாத்தாவும் பாட்டியும் எப்போதோ காலமாகிவிட்டார்கள். உடன்பிறந்தோரில் என் தந்தை இங்கே குடிமகனாக இருக்கிறார். அத்தை தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்கிறார். பெரியப்பா முன்பே இறந்துவிட, அவருடைய மகனும் மகளும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். மண்டாய் தகனச்சாலையில் கொள்ளி வைத்தவர் பெரியப்பாவின் மகன்தான். கருமாதி முடிந்த கையோடு ஊரிலிருந்து பேசிய மூத்த உறவினர் ஒருவர், கொள்ளி வைத்தவனுக்கே வீடு என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். அத்தை வீட்டிலோ, தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி அனுப்பினால் வேலை முடிந்துவிடும் என்று நம்பினார்கள்.

இரண்டுக்கும் இங்கே இடமில்லை. முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொத்து 1967ஆம் ஆண்டின் உயிலில்லா வாரிசுரிமைச் சட்டப்படியே பிரிக்கப்படுகிறது. வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், பெற்றோர் எவரும் இல்லாதபோது உடன்பிறந்தோருக்குச் சம பங்கு கிடைக்கும். அவர்களில் ஒருவர் முன்பே இறந்திருந்தால், அவருடைய பங்கை அவர் பிள்ளைகள் தமக்குள் பிரித்துக்கொள்வார்கள். ஆகவே தந்தைக்கு மூன்றில் ஒன்று, அத்தைக்கு மூன்றில் ஒன்று, பெரியப்பாவின் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஆறில் ஒன்று. ஆண், பெண் என்ற வேறுபாடு கிடையாது; சடங்கு செய்தவர் யார் என்று சட்டம் கேட்பதும் இல்லை. வழக்கறிஞர் இதை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு பெயருக்கும் கீழே பங்கை எழுதிக் கொடுத்தார். பெரியப்பாவின் மகனே அந்தத் தாளைப் படமெடுத்து ஊருக்கு அனுப்பி வைத்தார். தமக்கே வீடு என்று பெரியவர்கள் சொல்லியும் அவர் அப்படிச் செய்ததால்தான் குடும்பம் இன்றும் ஒன்றாக இருக்கிறது.

பங்கு இருப்பதாலேயே விற்கும் அதிகாரம் வந்துவிடாது. உயில் இருந்தால், அதில் நிறைவேற்றுநராகக் குறிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் புரொபேட் என்னும், உயிலை நிறைவேற்றும் அதிகாரம் தரும் ஆணையைப் பெற வேண்டும். உயில் இல்லையென்றால், வாரிசுகளில் ஒருவர் தம்மை நிர்வாகியாக நியமிக்கும்படி விண்ணப்பித்து, லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் என்னும் நிர்வாக ஆணையைப் பெற வேண்டும். சொத்தின் மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளியைத் தாண்டாவிட்டால் விண்ணப்பம் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகும். அந்த ஆணை கைக்கு வரும்வரை என் தந்தை உட்பட எவரும் அந்த வீட்டின் விற்பனையாளர் அல்லர்.

விண்ணப்பத்துக்கான ஆவணங்களைத் திரட்டுவது சிறு வேலையன்று. 2022 மே 29 முதல் இறப்புச் சான்றிதழ் மின்னிலக்க வடிவில் மட்டுமே வழங்கப்படுகிறது. அதை 30 நாள்களுக்குள் பதிவிறக்கம் செய்துகொள்ள வேண்டும். உயில் பதிவகத்திலும் தேடினோம். அங்கே உயில் இருக்காது. உயில் எழுதியவர் தாமே முன்வந்து பதிந்திருந்தால் அதைப் பற்றிய விவரம் மட்டும் இருக்கும். எனவே சித்தப்பாவின் இரும்பு அலமாரியையும் சாமி மேடைக்குக் கீழே இருந்த இழுப்பறையையும் ஒரு காகிதம் விடாமல் பார்த்தோம். வங்கிப் புத்தகங்கள், காப்புறுதிப் பத்திரங்கள், நகர மன்றக் கட்டண ரசீதுகள் அனைத்தும் பழைய தீபாவளி வாழ்த்து அட்டைகளோடு ஒரே பிஸ்கட் டப்பாவில் இருந்தன. சொத்துப் பட்டியலை நீதிமன்றத்தில் கொடுத்த பிறகு, ஒரு வங்கியிலிருந்து நிரந்தர வைப்பு பற்றிய கடிதம் வந்தது; அதற்காகத் துணைப் பட்டியல் ஒன்றையும் தாக்கல் செய்ய நேர்ந்தது.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது அத்தையின் கையெழுத்துதான். நிர்வாகியாக இருக்க அவருக்கும் தந்தைக்கும் சம உரிமை உண்டு; ஆகவே அந்தப் பொறுப்பை விட்டுக்கொடுப்பதாக அத்தை எழுதித் தர வேண்டும் என்று வழக்கறிஞர் கேட்டார். அத்தையின் மகன் அதை விடுதலைப் பத்திரம் என்று எடுத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டால் அம்மாவின் பங்கு போய்விடும் என்று அவர் அஞ்சியதில் தவறே இல்லை. ஊரில் அப்படி ஏமாந்த பெண்களை அவர் கண்டிருக்கிறார். ஆங்கிலப் பத்திரத்தைத் தமிழில் எழுதி அனுப்பிவிட்டு, காணொளி அழைப்பில் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். விட்டுக்கொடுப்பது நிர்வாகப் பொறுப்பை மட்டுமே, மூன்றில் ஒரு பங்கு அப்படியே இருக்கிறது என்ற வரி வந்ததும், அத்தை அதை மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு நோட்டரி முன்னிலையில் கையெழுத்தாகி, வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அப்போஸ்டில் முத்திரையோடு அந்தப் பத்திரம் வந்து சேர்ந்தது. வெளிநாட்டில் வாரிசு இருக்கும் குடும்பங்கள் இந்தப் பத்திரத்தை அவசரப்படுத்தி வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வயதான ஒரு பெண்மணி தமக்குப் புரியாத தாளில் கையெழுத்திட்டால், அந்தச் சந்தேகம் பணம் கைக்கு வந்த பின்னும் உறவுக்குள் தங்கிவிடும்.

வீட்டை விற்காமல் வைத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தோம். தந்தைக்கு ஏற்கெனவே ஒரு வீவக வீடு இருக்கிறது. இரண்டை வைத்துக்கொள்ள முடியாது. அத்தை குடிமகளும் அல்லர், நிரந்தரவாசியும் அல்லர் என்பதால் அவர் பெயருக்கும் மாற்ற இயலாது. பெரியப்பாவின் பிள்ளைகள் இருவருக்கும் சொந்த வீடு உண்டு. விற்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஆணை கிடைத்த பிறகு விற்பனை எளிதாக நடக்கும் என்றிருந்தோம். ஆனால் அந்த புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு அப்போது நிரம்பியிருந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தாருக்கும் வரம்பு வகுக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 முதல் நடப்பில் இருக்கிறது. வரம்பு நிரம்பிய புளோக்கில் ஒரு சீனர், மற்றொரு சீனரிடமிருந்து மட்டுமே வீடு வாங்க முடியும். சித்தப்பா இந்தியர் என்பதால், முதலில் ஒரு சீனர் சொன்ன நல்ல விலையை ஏற்க இயலவில்லை. இந்த வரம்பு நிலவரம் மாதந்தோறும் முதல் தேதியில் புதுப்பிக்கப்படுகிறது. வீவக இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். முகவர் சொல்லும் விலையை நம்பிக் கணக்குப் போடுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது. இறுதியில் ஓர் இந்தியக் குடும்பத்துக்கே விற்றோம். வாங்குபவருக்குத் தரும் வாங்கும் உரிமைப் பத்திரத்தில் தந்தை நிர்வாகி என்ற முறையில் கையெழுத்திட்டார். அதன் பிறகு எல்லாம் வழக்கமான மறுவிற்பனை போலவே நடந்தது.

ஜூரோங் வெஸ்ட் உறுப்பினர்:

தோ பாயோ உறுப்பினர் எழுதியதைப் படித்தபோது எங்கள் வீட்டு நிலை நினைவுக்கு வந்தது. நாங்கள் தமிழ் முஸ்லிம்கள் என்பதால் பாதை சற்று வேறு. அத்தா (அப்பா) பெயரில் மட்டும் இருந்த வீடு அது. முதலில் ஷரியா நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் பெற்றோம். அம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு. மீதியில் மகன்கள் எங்கள் இருவருக்கும் மகளைப்போல் இரு மடங்கு என்று அதில் ஒவ்வொருவருக்கும் உரிய பின்னம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அந்தச் சான்றிதழே விற்கும் அதிகாரத்தைத் தருகிறது என்று எங்கள் உறவினர் பலர் எண்ணினார்கள். ஆனால் அது பங்கைச் சொல்கிறதே தவிர அதிகாரத்தைத் தருவதில்லை. அதை இணைத்து, குடும்ப நீதிமன்றத்தில் நிர்வாக ஆணைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

தங்கைக்கு அப்போது 21 வயது நிறையவில்லை. வயது நிறையாத வாரிசு இருந்தால் குறைந்தது இரண்டு நிர்வாகிகள் வேண்டும் என்பதால் அம்மாவும் நானும் சேர்ந்து பொறுப்பேற்றோம். இதனால் ஒவ்வொரு தாளிலும் இரண்டு கையெழுத்துகள் தேவைப்பட்டன. கணவரை இழந்த பெண் வீட்டிலேயே இருக்கும் இத்தா காலத்தில் அம்மா இருந்ததால், பத்திரங்களை வீட்டுக்கே கொண்டுவர முடியுமா என்று வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்துகொண்டோம். தங்கையின் பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறோம்.

ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அத்தா அந்தப் பணத்தைக் கொண்டுதான் வீட்டை வாங்கினார் என்பதால், தமக்குப் பின் சேம நிதிப் பணம் யாருக்கு என்று அவர் செய்திருந்த நியமனம் வீட்டுக்கும் செல்லும் என்று சிலர் வாதிட்டார்கள். செல்லாது, நியமனம் கணக்கில் உள்ள பணத்துக்கு மட்டுமே.

சிராங்கூன் உறுப்பினர்:

இருவரும் காலம் தாழ்த்தாமல் விண்ணப்பித்திருக்கிறீர்கள். எங்கள் தாத்தாவின் தரைவீட்டில் அப்படி நடக்கவில்லை. தாத்தாவும் அவர் தம்பியும் தனித்தனிப் பங்குகளாக, ஆளுக்குப் பாதி என்று பதிந்திருந்தார்கள். கூட்டு உரிமையாக இருந்திருந்தால் தாத்தாவின் மறைவோடு முழு வீடும் சின்ன தாத்தாவுக்குப் போயிருக்கும். தனிப் பங்கு என்பதால் தாத்தாவின் பாதி அவருடைய வாரிசுகளுக்கு வந்தது. சின்ன தாத்தா அங்கேயே குடியிருந்ததால் மரியாதை கருதி எவரும் பேச்செடுக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து விற்க முற்பட்டபோது, இறந்த நாளிலிருந்து 6 ஆண்டுகள் கடந்துவிட்டதால், நிர்வாக ஆணை மட்டும் போதாது, விற்பனைக்கே நீதிமன்றத்தின் ஒப்புதலைத் தனியாகப் பெற வேண்டும் என்று வழக்கறிஞர் சொன்னார். அதற்குள் வாரிசுகளில் இருவர் இறந்து, அவர்களுடைய பங்குகளுக்கும் தனித்தனி ஆணைகள் தேவைப்பட்டன. செலவு எங்கோ போய்விட்டது. பெரியவர் குடியிருக்கும் வீட்டை விற்கச் சொல்ல மனம் வராதது இயல்பு. ஆனால் விற்காவிட்டாலும் நிர்வாக ஆணையையாவது உடனே பெற்று வைத்துக்கொள்ளலாம்.

மரண வரி உண்டா என்று எங்கள் வீட்டில் பெரிய குழப்பம் இருந்தது. 2008 பிப்ரவரி 15 முதல் நேர்ந்த இறப்புகளுக்கு அந்த வரி கிடையாது.

தோ பாயோ உறுப்பினரிடம் ஒரு கேள்வி: ஊரில் உள்ள அத்தையின் பங்கை எப்படிக் கொடுத்தீர்கள்?

தோ பாயோ உறுப்பினர்:

விற்பனைத் தொகை தந்தையின் சொந்தக் கணக்குக்குள் போகாமல், நிர்வாக ஆணையைக் காட்டி மறைந்தவர் சொத்துக்கென்று திறந்த கணக்கில் சேர்ந்தது. அதிலிருந்து மருத்துவமனைக் கட்டணம், ஈமச் செலவு, நகர மன்ற நிலுவை, வழக்கறிஞர் கட்டணம் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, வரவு செலவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ரசீதுகளின் நகல்களோடு நால்வருக்கும் அனுப்பினோம். அனைவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட பின்பே பங்குகள் பிரிந்தன. அத்தையின் பங்கை மகன் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள், தந்தை இணங்கவில்லை. அத்தை தம் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கும்வரை காத்திருந்து, அதற்கே நேரடியாக அனுப்பினார்.