மறு: 'மறைநிலை'க்குப் பதில் 'பதியா உலாவல்'

ஐயாவுக்கும் டர்பன் அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும் வணக்கம். குரோம் போன்ற உலாவிகளில் பார்த்த பக்கங்களைப் பதிந்து வைக்காமல் உலாவும் 'இன்காக்னிட்டோ' (Incognito) வசதிக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> குரோமின் தமிழ் இடைமுகத்தில் 'மறைநிலை' வந்துவிட்டது, அதையே வைத்துக்கொள்வோம்.

புழக்கத்தில் இருக்கும் சொல்லைக் காரணமில்லாமல் மாற்றக் கூடாது, அதில் ஐயாவோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் இங்கே காரணம் இருக்கிறது: அந்தச் சொல் செய்யாத வேலையைச் செய்வதாகச் சொல்கிறது. இங்கே மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் மறைநிலை என்றால் என்ன என்று கேட்டால், இணையத்தில் நம்மை யாரும் பார்க்க முடியாது என்கிறார்கள். சொல்லை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி, பொருளை வைத்துப் பார்த்தால் முழுக்கத் தவறு. நம் ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பைக் காட்டும் எண்) நாம் போகிற தளத்துக்குத் தெரியும், இணைய இணைப்பு தருகிற நிறுவனத்துக்கு நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது தெரியும், பள்ளியிலோ அலுவலகத்திலோ இருந்தால் அங்கே வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவருக்கும் தெரியலாம். பெரியவர்களும் இப்படித்தான் நம்பினார்கள். மறைநிலையில் இருந்தபோதும் எங்கள் தகவலைச் சேகரித்தார்கள் என்று அமெரிக்காவில் 2020இல் கூகுள் மீது வழக்கே போட்டார்கள். 2024இல் சமரசமாகி, பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆங்கிலப் பெயரில் இருக்கிற அந்தக் குழப்பத்தை நாமும் தமிழில் ஏன் சுமக்க வேண்டும்?

> 'தனிப்பட்ட உலாவல்' என்றால் எல்லோருக்கும் புரியுமே?

அக்கா, இது 'மறைநிலை' அளவுக்குப் பொய்யில்லை. 2005இல் ஆப்பிளின் சஃபாரி உலாவி இந்த வசதியைக் கொண்டுவந்தபோது வைத்த பெயரும் இதே பொருள்தான். இங்கே கைபேசியைப் பிரெஞ்சில் வைத்திருப்பவர்களுக்கும் 'நாவிகாஸியோன் ப்ரிவே' பழகிய பெயர். ஆனால் பிள்ளைகள் 'தனிப்பட்ட' என்பதை 'என்னுடைய' என்று எடுத்துக்கொள்கிறார்கள். என் சாளரம், அதில் என் கணக்கைத் திறந்து வைக்கலாம் என்று நினைத்து, பொதுக் கணினியில் மின்னஞ்சலை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். அடுத்து உட்காருகிறவர் முன்னால் அது திறந்து கிடக்கிறது.

உண்மையில் நடப்பது என்ன? உலாவி வரலாற்றை எழுதிவைப்பதில்லை, குக்கிகளையும் (தளங்கள் நம்மை அடையாளம் காண உலாவியில் வைக்கும் சிறு தகவல்கள்) படிவங்களில் தட்டச்சு செய்ததையும் சாளரம் மூடும்வரைதான் வைத்திருக்கும். அதாவது இந்தக் கணினியில் பதியாது, அவ்வளவுதான். அதனால்தான் 'பதியா உலாவல்' என்கிறேன். வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: பதியாச் சாளரம், பதியாத் தாவல். வீட்டில் கிரியோலும் பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சுமாக வளரும் பிள்ளைக்கு ரகசியம் என்ற பொருளில் வரும் 'கமுக்கம்' எட்டாது, 'பதிவு' எட்டும். வருகைப் பதிவேட்டில் தினமும் பார்க்கிற சொல். ஐயா சொன்ன 'பதிவிலா'வையும் யோசித்தேன், ஆனால் எழுத்தில் பார்த்தால் 'பதிவில் இருக்கிறதா?' என்று கேட்பது போலவும் படிக்கலாம்.

பதிவிறக்கிய கோப்பு கணினியில் தங்கிவிடுகிறதே, அப்போது பதியா எப்படிப் பொருந்தும் என்று அக்கா கேட்டது நியாயமான கேள்வி. கோப்பு மட்டுமல்ல, புத்தகக்குறியும் தங்கும். ஆனால் இரண்டும் நாமாகச் சேமித்தவை. உலாவி தானாக எழுதிவைப்பது மட்டுமே இங்கே நிற்கிறது, 'பதியா' என்பது உலாவலுக்குத்தான் அடை. இதை விளக்கக் குறிப்பில் ஒரு வரியாக எழுதிவிடலாம்.

அப்புறம், வெளியே வருவதற்கான சொல். எனக்கு இதுதான் பெரிய கவலை, யாரும் இதைப் பற்றி எழுதவே இல்லை. பட்டியலில் 'வெளியேறு' என்று போட்டிருக்கிறோம். அது கணக்கிலிருந்து வெளியேறுவதற்கு ஏற்கெனவே உள்ள சொல், இரண்டும் ஒன்றில்லை. உலாவலை முடிக்கத் தனிப் பொத்தான் தேட வேண்டியதில்லை, சாளரத்தை மூட வேண்டும், அதுவும் எல்லாவற்றையும். குரோமில் இரண்டு பதியாச் சாளரம் திறந்திருந்தால் இரண்டுக்கும் குக்கிகள் பொது; ஒன்றை மூடிவிட்டு முடிந்தது என்று எழுந்து போனால், மற்றதில் உங்கள் கணக்கு உயிரோடு இருக்கும். கைபேசியில் இன்னும் மோசம், வேறு செயலிக்கு மாறினால் மூடிவிட்டதாக நினைக்கிறார்கள், தாவல்கள் அப்படியே இருக்கும். ஆண்ட்ராய்டில் மேலே அறிவிப்பாக நிற்பதைத் தட்டி எல்லாவற்றையும் மூட வேண்டும். அதனால் 'எல்லாம் மூடு' என்றே வைப்போம். கலைச்சொல் போலத் தெரியவில்லை என்று சிலர் சொல்லலாம். பொத்தானில் எழுதும் சொல் செய்ய வேண்டியதைச் சொன்னால் எனக்குப் போதும்.

விளக்கக் குறிப்புக்கு என் வரைவு, திருத்துங்கள்:

பதியா உலாவல்: பார்த்த பக்கங்கள், குக்கிகள், படிவத் தகவல் ஆகியவற்றைச் சாளரங்கள் எல்லாம் மூடியபின் உலாவி தன்னிடம் வைத்துக்கொள்ளாத முறை. பதிவிறக்கிய கோப்புகளும் புத்தகக்குறிகளும் தங்கும். தளங்களிடமிருந்தோ இணைப்பு வழங்குநரிடமிருந்தோ மறைக்காது. திறக்க: குரோம், எட்ஜ் இரண்டிலும் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + என் (N), ஃபயர்ஃபாக்ஸில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + பி (P). முடிக்க: எல்லாம் மூடு.

மேக் விசைகளை அக்கா சேர்த்துவிடுங்கள்.