கலைச்சொல்: தீவில் இறங்குமுன் செய்யும் ‘பயோசெக்யூரிட்டி’

வணக்கம்.

கடற்பறவை பார்க்கக் கப்பலேறுவோருக்கான கையேட்டில் ‘பயோசெக்யூரிட்டி’ (biosecurity) என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘உயிரிப் பாதுகாப்பு’ என்றால், பறவைகளைப் பேணுவது என்றோ ஆய்வகத்திலிருந்து கிருமி வெளியேறாமல் காப்பது என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே வேலை வேறு: நம்மோடு ஒட்டிக்கொண்டு எதுவும் கரையேறக் கூடாது.

‘அயலுயிர்த் தடுப்பு’ என்று முன்மொழிகிறேன். தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவுக்கு எலிகள் வந்ததே சீல், திமிங்கில வேட்டைக் கப்பல்களில்தான். பொந்தில் கூடுகட்டும் பெட்ரல் என்னும் கடற்பறவைகளையும், அந்தத் தீவுக்கே உரிய நெட்டைக்காலி என்னும் சிறு பறவையையும் எலி பரவிய இடங்களில் அவை தின்று ஒழித்தன. பெருமுயற்சிக்குப் பின் 2018இல்தான் எலியற்ற தீவு என்று அறிவித்தார்கள். சினை எலி ஒன்று கரையேறினால் அத்தனையும் வீண்.

---

> ‘அயலுயிர்த் தடுப்பு’

எலிக்கும் புல்விதைக்கும் பொருந்துகிறது, பறவைக் காய்ச்சலுக்கு இடிக்கிறது. 2023 அக்டோபரில் அதே தெற்கு ஜார்ஜியாவில், பேர்ட் தீவின் பழுப்பு ஸ்குவா என்னும் கடற்பறவைகளில் பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1 உறுதியானது. ஒரு பென்குயின் கூட்டத்தின் எச்சத்தைப் பூட்ஸில் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுபோனால், அங்கே அயல் என்று எதுவும் இல்லை; கேடு மட்டும் உண்டு. கரையில் உட்காராதே, மண்டியிடாதே, பையைத் தரையில் வைக்காதே என்பதெல்லாம் இதற்காகத்தான். கப்பலுக்குத் திரும்பியதும் மறுபடி கழுவுவதும் அதனால்தான்.

கையேட்டில் செய்முறையின் வரிசையையும் அழுத்திச் சொல்ல வேண்டும். முதலில் வெல்க்ரோ, காலுறை, பைகளின் தையல் மடிப்பு, முக்காலியின் அடி: விதைகளை இடுக்கியால் பிடுங்கி, வேக்குவம் வைத்து உறிஞ்ச வேண்டும். பிறகு பூட்ஸின் பள்ளங்களில் உள்ள மண்ணைத் தூரிகையால் முழுக்கத் தேய்த்தெடுக்க வேண்டும். கிருமிநாசினி கடைசியில்தான், வர்கான் (Virkon, இளஞ்சிவப்புக் கிருமிநாசினித் தூள்) என்றால் லிட்டருக்கு 10 கிராம், அதாவது 1%. மண்ணும் எச்சமும் ஒட்டியிருக்கும்போதே முக்கினால் மருந்தின் வீரியத்தை அவையே உறிஞ்சிவிடும். இளஞ்சிவப்பு வெளுத்த கரைசலை மாற்றிவிட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: முக்கி எடுத்தால் போதும் என்று நினைத்துத் தேய்ப்பதை விட்டுவிடுகிறார்கள்.

---

அப்படியானால் ‘உயிரிக்காவல்’ எப்படி? காப்பு என்பது இருப்பதைப் பேணுவது; காவல் என்பது வாசலில் நின்று சோதித்து விடுவது. விதை, எலி, நுண்ணுயிர் மூன்றும் இதில் அடங்கும். ஆய்வகப் பாதுகாப்பு என்ற பொருளுக்கு ‘உயிரிக்காப்பு’ தனியே இருக்கட்டும். ‘தடுப்பு’ என்றால் தடுப்பூசி நினைவு வருவதும் ஒரு சங்கடம்.

தொடர்களில் போட்டுப் பார்த்தேன்: உயிரிக்காவல் சோதனை, உயிரிக்காவல் விதிகள், ‘உயிரிக்காவல் முடிக்காதவர் படகேற முடியாது’. தடங்கல் இல்லை.

---

> ‘உயிரிக்காவல்’

உடன்படுகிறேன். ஒரு வரம்பு மட்டும் வேண்டும். இரவில் கப்பல் விளக்குகளை மறைப்பதையும், விலங்குகளிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்பதையும் இதன்கீழ் சேர்க்கக் கூடாது. விளக்கை மறைப்பது பெட்ரல்கள் மேல்தளத்தில் வந்து மோதாமல் இருக்க. தள்ளி நிற்பது விலங்குகள் மிரளாமல் இருக்க. நங்கூரக் கயிற்றிலும் கரைக்கயிற்றிலும் மாட்டும் எலித்தட்டு (எலி கயிற்றில் ஊர்ந்து கடக்காமல் தடுக்கும் தட்டு) உயிரிக்காவலில் சேரும். கையேட்டில் அதற்குத் தனிப்பத்தி ஒதுக்கலாம்.