டல்லாஸில் உறைபனி வருகிறது, வெளிக்குழாய்க்கு என்ன செய்ய வேண்டும்?

பிரிஸ்கோ புதுவீடு:
கலிபோர்னியாவிலிருந்து கோடையில்தான் இங்கே வந்தோம், இந்தக் குளிர் புதிது. செவ்வாய் இரவு 15 டிகிரி பாரன்ஹீட்டுக்கு இறங்குமாம். வெளியே மூன்று குழாய்கள், வடக்குச் சுவரில் இருப்பதில் ஹோஸ் மாட்டியபடியே இருக்கிறது, ஸ்ப்ரிங்க்ளரும் உண்டு. ஃபோம் மூடி எந்தக் கடையிலும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வீட்டுக்குள் இருக்கும் குழாய்களையும் ராத்திரி முழுக்கச் சொட்டவிடச் சொல்கிறார். தண்ணீர் வீண்தானே, அவசியமா?

பிளேனோ அண்ணாச்சி:
மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்த ஹோஸைக் கழற்றுங்கள். உறையாத வகைக் குழாயாக இருந்தால் அதன் வால்வு சுவருக்குள்ளே கிட்டத்தட்ட ஓரடி தள்ளி, வீட்டுச் சூடு படும் இடத்தில் இருக்கும், மூடியதும் மிச்சத் தண்ணீர் வெளியே வடிந்துவிடும். ஹோஸ் மாட்டியிருந்தால் வடிய வழியில்லை, உள்ளேயே உறைந்து பைப் பிளந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, வசந்தத்தில் செடிக்குத் தண்ணீர் விடத் திறக்கும்போதுதான் சுவருக்குள் கொட்டும். மூடி கிடைக்காவிட்டால் பழைய துண்டைத் தடிமனாகச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை போட்டு டேப் ஒட்டுங்கள். துணி நனையக் கூடாது, நனைந்தால் பயனில்லை.

இர்விங் ராஜி:
வீண் இல்லைங்க. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். அந்தப் பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீரில் அழுத்தம் ஏறித்தான் பல நேரம் பைப் வெடிக்கிறது, அதுவும் உறையாத இடத்தில். குழாய் கொஞ்சம் திறந்திருந்தால் அழுத்தம் இறங்கிவிடும். வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களில் சுடுதண்ணீர், பச்சைத்தண்ணீர் இரண்டையும் மெல்லியதாக விடுங்கள், கீழே வாளி வையுங்கள், சிங்க் அலமாரிக் கதவும் திறந்திருக்கட்டும். 2021 பிப்ரவரி 16 அன்று டல்லாஸ் விமான நிலையத்தில் மைனஸ் 2 பாரன்ஹீட் பதிவானது, கரண்டும் இல்லை, ஹீட்டர் நின்றதும் அட்டிக் (கூரைக்கடியில் உள்ள பரண்) வழியாகப் போகும் பைப்புகள் எத்தனையோ வீடுகளில் உடைந்து கூரை வழியாகத் தண்ணீர் கொட்டியது. அதனால் வீட்டுத் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் மெயின் வால்வு எங்கே என்று பகலிலேயே பார்த்து, ஒருமுறை மூடித் திறந்து பழகிக்கொள்ளுங்கள், வீட்டில் எல்லோரும்.

தோட்டக்காரன்:
ஸ்ப்ரிங்க்ளரை கன்ட்ரோலரில் ஆஃப் செய்தால் மட்டும் போதாது, பேக்ஃப்ளோ வால்வில் (தோட்டத் தண்ணீர் வீட்டுத் தண்ணீர் பைப்புக்குத் திரும்பாமல் தடுப்பது) தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கும். அதற்கு முந்தைய வால்வை மூடிவிட்டு, பக்கத்தில் உள்ள சின்னத் திருகுகளை ஸ்க்ரூடிரைவரால் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். பிறகு பேக்ஃப்ளோவின் இரண்டு கைப்பிடிகளையும் 45 டிகிரியில் சாய்த்து நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வால்வின் உருண்டைக்குள் தண்ணீர் தங்கிவிடும்.

பிரிஸ்கோ புதுவீடு:
ஹோஸைக் கழற்றிவிட்டேன். ஆனால் அந்தக் குழாய் இறுக்கி மூடியும் லேசாகக் கசிகிறது.

பிளேனோ அண்ணாச்சி:
வாஷர் தேய்ந்திருக்கும், சின்ன வேலைதான், நாளைக்கே மாற்றுங்கள். கசிவு வாயிலேயே உறைந்து உள்ளே வளரும். மாற்ற முடியாவிட்டால் செவ்வாய் இரவு மெயினை மூடி, எல்லாக் குழாயையும் திறந்து வடித்துவிட்டுத் தூங்குங்கள். மீறி உறைந்தால் ஹேர் டிரையர் மட்டும், தீ வேண்டவே வேண்டாம்.