ரேட்டிங் 5 உள்ள எலிமெண்டரி ஸ்கூலில் சேர்க்கலாமா? (சான் ஹோசே)

டல்லஸ்_வாசு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஜூலையில் கலிஃபோர்னியாவில் உள்ள சான் ஹோசேவுக்கு மாறுகிறோம், மகள் ஆகஸ்டில் கிண்டர்கார்டன். நகரத்தின் கிழக்குப் பக்கம் ஒரு வீடு பிடித்திருக்கிறது, வாடகையும் கட்டுப்படியாகும், ஆனால் அந்த முகவரிக்கு உரிய பப்ளிக் ஸ்கூலுக்கு வீடு தேடும் தளமான ரெட்ஃபின்னில் 5/10 என்று காட்டுகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கில் ஸ்டாண்டர்டை எட்டிய பிள்ளைகள் பாதிகூட இல்லை, ஹிஸ்பானிக் பிள்ளைகள் அதிகம், பாதிப் பேர் குறைந்த வருமானக் குடும்பம், இங்கிலீஷ் லேர்னர்களும் (ஆங்கிலம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள்) நிறைய. கூப்பர்டினோ பக்கம் போனால் எல்லாம் 9, 10 தான், ஆனால் மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் கூடுதல் வாடகை. கையில் குழந்தையை வைத்துக்கொண்டு அவ்வளவு கொடுக்கலாமா, இல்லை இந்த 5 ஒன்றும் மோசமில்லையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈஸ்ட்பே_அம்மா:

முதலில் ஒன்று, அந்த மதிப்பெண் எல்லாம் மூன்றாம் வகுப்பிலிருந்து எழுதும் மாநிலத் தேர்விலிருந்து வருவது. கலிஃபோர்னியாவில் ஆங்கிலமும் கணக்கும் 3 முதல் 8 வரை, அப்புறம் 11, அறிவியல் எலிமெண்டரியில் 5-ல் மட்டும். கிண்டர்கார்டன், முதல் வகுப்பு டீச்சர் எப்படி என்பதற்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

இரண்டாவது, கிரேட்ஸ்கூல்ஸ் எண்ணில் (ரெட்ஃபின் காட்டுவது அந்தத் தளம் தரும் ரேட்டிங்தான்) பெரும்பாலும் தெரிவது பெற்றோரின் வருமானமும் படிப்பும்தான். "சோஷியோ எகனாமிக்கலி டிஸ்அட்வான்டேஜ்டு" என்று போடுகிறார்களே, இலவச அல்லது சலுகை விலை உணவுக்கு உரிய வருமானம் உள்ள வீடு, அல்லது அப்பா அம்மா இருவருமே ஹைஸ்கூல் முடிக்காத வீடு, இந்த இரண்டில் ஒன்று இருந்தால் அந்தக் கணக்கில் வந்துவிடும் (சாப்பாடு 2022-23 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம், அது வேறு). அந்தப் பிள்ளைகள் பாதிப் பேர் இருக்கும் பள்ளியையும் எல்லா வீட்டிலும் இன்ஜினியர் இருக்கும் பள்ளியையும் ஒரே தட்டில் வைத்தால் என்ன தெரியும், சொல்லுங்கள். மாநிலத்தின் ஸ்கூல் டாஷ்போர்டைத் திறந்து, சிவப்பிலிருந்து நீலம் வரை நிறம் இருக்கும், அதில் ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியாகப் பாருங்கள். குறைந்த வருமானப் பிள்ளைகளின் நிலை போன வருடத்தைவிட ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பதுதான் டீச்சர்கள் செய்யும் வேலையைக் காட்டும். ஏறியிருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பேன்.

குமரன்_எஸ்ஜே:

மேலே சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கையில் காசு இருந்தால் நான் 9-க்குத்தான் போவேன், ஒளிக்காமல் சொல்கிறேன். கூடப் படிக்கிற பிள்ளைகளும் முக்கியம்தானே. வகுப்பில் பாதிப் பேர் இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தால் டீச்சரின் நேரம் அங்கேதான் போகும்.

இன்னொன்று, சான் ஹோசே என்று முகவரி இருந்தால் பள்ளி நிர்வாகமும் (ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) சான் ஹோசே யூனிஃபைடு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே நகரத்துக்குள் எவர்கிரீன், பெர்ரியெஸ்ஸா, ஓக் குரோவ் என்று பல டிஸ்ட்ரிக்ட் உண்டு, மேற்குக் கோடியில் சான் ஹோசே முகவரிக்கே கூப்பர்டினோ யூனியன் ஸ்கூல் கிடைக்கும். வாடகையும் அதற்கேற்ற மாதிரிதான் என்பது வேறு விஷயம்.

ஈஸ்ட்பே_அம்மா:

@குமரன்_எஸ்ஜே அந்த 9, 10 பள்ளிகளில் சாயங்காலம் மூன்று மணிக்கு மேல் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். குமான், ஆர்எஸ்எம், மேத் ஒலிம்பியாட் என்று டியூஷன் வகுப்புகளுக்கு ஒரு ஊர்வலமே நடக்கும். அந்த மதிப்பெண்ணில் பள்ளியின் பங்கு எவ்வளவு, பெற்றோர் தனியாகக் கட்டும் ஃபீஸின் பங்கு எவ்வளவு என்று எந்த ரேட்டிங்கும் பிரித்துச் சொல்லாது. என் மகன் படிக்கும் பள்ளியும் 5 தான், அவன் வாசிப்புக்கு ஒரு குறையும் இல்லை.

பேராண்டி_தாத்தா:

தம்பி, இங்கிலீஷ் லேர்னர் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். உங்கள் மகளும் அதில் ஒருத்தியாகப் போகிறாள், தெரியுமா? சேர்க்கும்போது வீட்டு மொழி பற்றி ஒரு படிவம் தருவார்கள். பிள்ளை முதலில் பேசிய மொழி தமிழ் என்று எழுதினால் முப்பது நாளுக்குள் எல்பேக் என்று ஒரு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், அதில் போதிய மதிப்பெண் வராவிட்டால் இங்கிலீஷ் லேர்னர்தான். என் பேத்திக்கு அப்படித்தான் ஆனது, இரண்டாம் வகுப்பில் ரீகிளாஸிஃபை செய்து அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த எண்ணில் ஸ்பானிஷ், வியட்நாமீஸ், தமிழ், தெலுங்கு எல்லாம் கலந்து கிடக்கும். "ஆசியன்" என்கிற கட்டத்தில் சீனரும் நாமும் ஒன்றாகத்தான் இருக்கிறோம், ஃபிலிப்பினோக்களை மட்டும் கலிஃபோர்னியாவில் தனியாக எண்ணுவார்கள்.

டல்லஸ்_வாசு:

ரொம்ப நன்றி. டாஷ்போர்டு பார்த்தேன், அந்தப் பள்ளியில் கணக்கு இரண்டு வருடமாக ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் "க்ரானிக் ஆப்சன்டீயிசம்" ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது, அது என்ன? அப்புறம் அந்தப் படிவத்தில் ஆங்கிலம் என்று எழுதிவிடலாமா?

பேராண்டி_தாத்தா:

ஒரு பிள்ளை பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு வராமல் போனால் அந்தக் கணக்கு, 180 நாளில் 18 நாள். உடம்பு சரியில்லாமல் போனதும் சேரும். நம் ஆட்கள் டிசம்பரில் ஊருக்குப் போய்ப் பொங்கல் முடித்துத்தான் வருவேன் என்றால் பாதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். முன்கூட்டியே ஆபீசில் கேட்டால் இன்டிபென்டன்ட் ஸ்டடி என்று வீட்டுப்பாடம் தருவார்கள், அதை ஒழுங்காகச் செய்து கொடுத்தால் வருகையில் சேர்த்துக்கொள்வார்கள்.

படிவத்தில் உள்ளதை எழுதுங்கள். இங்கிலீஷ் லேர்னர் என்றால் தினமும் கொஞ்ச நேரம் தனிக் கவனிப்பு கிடைக்கும், பள்ளிக்கும் 2013-ல் வந்த நிதி முறைப்படி கூடுதல் பணம் வரும். நஷ்டம் ஒன்றும் இல்லை.

குமரன்_எஸ்ஜே:

லீஸ் கையெழுத்துப் போடும் முன் டிஸ்ட்ரிக்ட் ஆபீசுக்குப் போன் போட்டு, அந்த முகவரிக்கு அந்தப் பள்ளிதானா, கிண்டர்கார்டனில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். வெப்சைட் மேப்பை நம்பாதீர்கள். வகுப்பு நிரம்பிவிட்டால் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்புவார்கள், 10 ரேட்டிங்குக்காக வாடகை கட்டியவர்களுக்கும் அதே கதிதான்.