'எஃபீட்' (effete) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன போடலாம்? (அவசரம்)

பாதி மொழிபெயர்ப்பு:
பிரெஞ்சுப் புரட்சி பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். 1789க்கு முந்தைய வெர்சாய் அரண்மனைக் கூட்டத்தை 'எஃபீட் அரிஸ்டாக்ரசி' என்கிறார் ஆசிரியர். மொபைல் அகராதியில் 'மலட்டு', 'களைத்த', 'பெண்தன்மையுள்ள' என்று மூன்று அர்த்தம் வருது. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எதை எடுக்க? நாளைக்கு அனுப்பணும்.

கடைசி பெஞ்ச்:
'களைத்த' போட்டுட்டுப் போங்க பாஸ்.

ரிட்டயர்டு வாத்தியார்:
'களைத்த' வேண்டாம் தம்பி. ஆபீஸ் விட்டு வந்து "நான் எஃபீட்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்கு 'எக்ஸாஸ்டட்' இருக்கிறது. களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும், இது போகாது.

லத்தீனில் 'எஃபேட்டுஸ்' என்றால் ஈன்று ஈன்று ஓய்ந்துபோனது. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் இனி ஈனாத விலங்கைச் சொன்னார்கள், பிறகு விளைந்து சத்துப்போன மண்ணையும். உங்கள் அகராதியின் 'மலட்டு' அங்கிருந்து வருகிறது. அப்புறம்தான் மனிதர்கள், வம்சங்கள், ஆட்சிகள் மேல் ஏறியது: ஒரு காலத்தில் வீரியம் இருந்தது, சொகுசில் ஊறி அது போய்விட்டது. திட்டும் சொல்தான், அனுதாபம் துளியும் கிடையாது.

'பெண்தன்மை' பின்னால் ஒட்டிக்கொண்டது. அந்த அர்த்தத்துக்கு உள்ள 'எஃபெமினேட்' வேறு சொல். காதில் ஒன்றுபோல விழுவதும் காரணமாக இருக்கலாம். உங்கள் வாக்கியத்தில் அதைப் போட்டால் கட்டுரையே திசைமாறிவிடும்.

பாதி மொழிபெயர்ப்பு:
நன்றி சார். 'சீரழிந்த' சரியா வருமா? இன்னொரு இடத்தில் அமெரிக்க முன்னாள் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ பேச்சிலும் இதே சொல் வருதே?

ரிட்டயர்டு வாத்தியார்:
1969 அக்டோபர், நியூ ஆர்லியன்ஸ் பேச்சுதானே? வியட்நாம் போரை எதிர்த்தவர்களை ஊக்குவிக்கும் அறிவுஜீவிகளை 'எஃபீட்' கூட்டம் என்றார். அங்கே சத்துப்போனது பாதி, 'ஆம்பளத்தனம் இல்லாதவர்கள்' என்ற இளக்காரம் பாதி. அந்த இடத்தில் 'முதுகெலும்பில்லாத' போடலாம், குத்தல் நிற்கும்.

வெர்சாய்க்கு 'சீரழிந்த' கொஞ்சம் பொத்தாம்பொதுவு. குடித்துக் கெட்டவனையும் அப்படித்தான் சொல்கிறோம். 'உளுத்துப்போன பிரபுக்குலம்' என்று போட்டுப் பாருங்கள். வெளியே பளபளப்பு, உள்ளே ஒன்றும் இல்லை என்பது அதில் வந்துவிடும்.

கடைசி பெஞ்ச்:
'உளுத்துப்போன' செம. என் 'களைத்த'-ஐ வாபஸ் வாங்கிக்கிறேன்.

பாதி மொழிபெயர்ப்பு:
அதையே போட்டுட்டேன். ஆக்னியூவுக்கு 'முதுகெலும்பில்லாத'. இதே பத்தியில் 'எனர்வேட்டட்'னு ஒன்று இருக்கு சார், அது எனர்ஜி ஏறினதுதானே?

ரிட்டயர்டு வாத்தியார்:
நேர் எதிர்! நரம்பறுந்து துவண்டது. அனுப்பிவிடாதீர்கள், முழு வாக்கியத்தையும் இங்கே போடுங்கள்.