மிக்சரில் திராட்சை: வாட்டர் ஆக்டிவிட்டிக்கு ஒரு தமிழ்ச்சொல்

பொருள்: வாட்டர் ஆக்டிவிட்டி – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மகளிர் குழுக்களுக்காக உணவுத் தொழில்நுட்ப அறிமுகப் பாடம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பதப்படுத்தல், நொதித்தல், கலப்படம், சேமிப்புக் காலம் எல்லாவற்றையும் எப்படியோ தாண்டி வந்துவிட்டேன். நான்காம் பாடத்தில் வண்டி நின்றுவிட்டது. காரணம், வாட்டர் ஆக்டிவிட்டி.

முதல் வரைவில் சோம்பல்பட்டு 'ஈரப்பதம்' என்று போட்டுவிட்டேன். ஆனால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீதம் என்று சொல்கிறார்களே, அதுதான் ஈரப்பதம். பொருளுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற கணக்கு. போதாததற்கு வானிலை அறிக்கையிலும் அதே சொல். எனக்கு வேண்டியது வேறு. உள்ளே இருக்கிற தண்ணீர் எந்த அளவுக்கு வெளியேறத் தயாராக இருக்கிறது என்பது.

ரொட்டியையும் ஜாமையும் பாருங்கள். ரொட்டியில் தண்ணீர் 36 சதவீதம் அளவில் இருக்கும், ஜாமில் 30க்குக் கொஞ்சம் மேல். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ரொட்டி நான்கு நாளில் பூசணம் பிடிக்கும், ஜாம் மாதக்கணக்கில் நிற்கும். ஜாமில் உள்ள தண்ணீரைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்கிறது. கிருமிக்குக் கொடுக்காது.

அளப்பது இப்படி. உணவை மூடிய கிண்ணத்தில் வைத்து, அதன் மேலே நிற்கும் நீராவியின் அழுத்தத்தைப் பார்க்கிறோம். அதே வெப்பநிலையில் வெறும் தண்ணீருக்கு மேலே உள்ள ஆவி அழுத்தத்தால் அதை வகுத்தால் ஓர் எண் வரும். வெறும் தண்ணீருக்கு 1. ரொட்டிக்கு 0.95 பக்கம், ஜாமுக்கு 0.8 பக்கம், நல்ல தேனுக்கு 0.6க்கும் கீழே.

இது பாடப்புத்தகச் சமாசாரம் மட்டும் இல்லை. போன தீபாவளிக்கு ஒரு குழு மிக்சர் போட்டது. அழகுக்காகக் கொஞ்சம் உலர் திராட்சையையும் சேர்த்துவிட்டார்கள். பத்து நாளில் ஓமப்பொடி நமத்துப்போய், கடைக்காரர் மூட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டார். "திராட்சை காஞ்சுதானே இருந்தது?" என்று கேட்டார்கள். கைக்குக் காய்ந்துதான் தெரியும். ஆனால் அதன் எண் 0.6ஐ ஒட்டி இருக்கும், புதிதாகப் பொரித்த ஓமப்பொடியின் எண் அதில் பாதிகூட வராது. ஒரே பொட்டலத்தில் அடைத்தால் இரண்டும் சமமாகும்வரை தண்ணீர் இங்கிருந்து அங்கே போய்க்கொண்டே இருக்கும். இதை விளக்க என்னிடம் சொல் இல்லை. உதவுங்கள்.

மறு: வாட்டர் ஆக்டிவிட்டி

அக்கா, இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? ஆக்டிவிட்டி என்றால் செயற்பாடு. நீர்ச் செயற்பாடு. யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த காலத்தில் இப்படித்தான் எழுதியிருப்போம். நேர்ச்சொல் இருக்கும்போது வேறு தேடுவது வேலை மினக்கெடுதான்.

மறு: மறு: வாட்டர் ஆக்டிவிட்டி

> நேர்ச்சொல் இருக்கும்போது வேறு தேடுவது

தம்பி, தமிழ்நாட்டுப் பள்ளிப் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் 'செயல்பாடு' என்று பெட்டி போட்டிருக்கும். வாளியில் தண்ணீர் எடு, காகிதக் கப்பல் விடு என்பதெல்லாம் அதில் வரும். 'நீர்ச் செயல்பாடு' என்றால் எங்கள் பிள்ளைகள் அதைத்தான் நினைப்பார்கள்.

நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். ஆக்டிவிட்டி என்ற ஆங்கிலச் சொல்லே இங்கே அவ்வளவு பொருத்தம் இல்லை என்பது என் கருத்து. அதைக் கொண்டுவந்தவர் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ், 1907இல். அதற்கு முன்பு 1901இல் அவர் ஃபியூகாசிட்டி என்று ஒரு சொல்லை உண்டாக்கினார். லத்தீனில் ஓடுதல், தப்புதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து எடுத்தது. அவர் மனத்தில் இருந்தது தப்பிப்போகும் நாட்டம். ஆக்டிவிட்டி அதன் தங்கை. ஆகவே 'செயல்' என்பதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், 'தப்பும் நாட்டம்' என்பதைப் பிடிப்போம்.

இன்னொன்று. யாராவது 'கட்டற்ற நீர்' என்று எழுத வரும் முன்பே சொல்லிவிடுகிறேன், அதுவும் வேண்டாம். ஏதோ உள்ளே இரண்டு தொட்டி இருப்பது போலவும், ஒன்றில் கட்டிப்போட்ட தண்ணீர், மற்றதில் அவிழ்த்துவிட்ட தண்ணீர் என்பது போலவும் ஆகிவிடும். அப்படி இல்லை. இது அளவின் பெயர் அல்ல, நாட்டத்தின் பெயர். ஒரு கணக்கு தருகிறேன். 9 சதவீதம் ஈரம் உள்ள நிலக்கடலையையும் 18 சதவீதம் ஈரம் உள்ள தேனையும் ஒன்றையொன்று தொடாமல் ஒரே டப்பாவில் மூடிவையுங்கள். தண்ணீர் கடலையிலிருந்து தேனுக்குப் போகும்! குறைவாக உள்ளவன் நிறைய உள்ளவனுக்குக் கொடுக்கிறான். ஈரப்பதம் என்று எழுதினால் இந்த ஒரு வரியிலேயே பாடம் கவிழ்ந்துவிடும்.

நான் முதலில் 'நீர்முனைப்பு' என்று யோசித்தேன். அப்புறம் நானே அடித்துவிட்டேன். வேதியியலில் முனைவு, முனைவுத்தன்மை எல்லாம் மின்துருவம் பற்றிய சொற்கள். தண்ணீரே முனைவுள்ள மூலக்கூறு. மாணவன் குழம்பியே தீருவான். 'நீரியக்கம்' என்றும் பார்த்தேன், கதிரியக்கம் என்கிறோமே என்று. ஆனால் அது வாய்க்காலில் ஓடும் தண்ணீர் பற்றிய படிப்புக்குப் போய்விடுகிறது.

நம் வீட்டுப் பேச்சிலேயே ஒன்று இருக்கிறது. வெள்ளரிக்காயில் உப்பு போட்டால் தண்ணீர் விடுகிறது என்கிறோம். நீர்விடுகை என்று வைத்தால் என்ன?

மறு: மறு: மறு: வாட்டர் ஆக்டிவிட்டி

ஐயா, மன்னிக்கவும், 'நீர்விடுகை'யை நாங்கள் விட்டுத்தர மாட்டோம். நான் பால் பதப்படுத்தும் இடத்தில் தர ஆய்வில் இருக்கிறேன். கப் தயிரைத் திறந்தால் மேலே மஞ்சள் கலந்த பச்சையாய்த் தண்ணீர் நிற்குமே, 'தயிர் தண்ணி விட்டுருச்சு' என்று புகார் வருமே, அதற்கு சினரிசிஸ் என்று பெயர். நீர்விடுகை அதற்கு அளவெடுத்துத் தைத்த சொல். தயிர் தண்ணீர் விட்டாலும் விடாவிட்டாலும் அதன் வாட்டர் ஆக்டிவிட்டி 0.99 பக்கம்தான் இருக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் எங்கள் அறிக்கை சிரிப்பாய்ச் சிரிக்கும்.

அக்காவின் வெள்ளரிக்காய்... இல்லை, ஐயாவின் வெள்ளரிக்காயும் சினரிசிஸுக்கு நெருக்கமானதுதான். கண்ணுக்குத் தெரிந்து வடிகிற தண்ணீர். நாம் பேசுவது கண்ணுக்குத் தெரியாத ஆவி.

மறு: மறு: மறு: மறு: வாட்டர் ஆக்டிவிட்டி

எல்லோருக்கும் நன்றி. பால் ஆய்வுத் தம்பி சொன்னது சரி, நீர்விடுகையைத் தயிருக்கே கொடுத்துவிடலாம். அது போனதில் எனக்கு வருத்தம்தான், நல்ல சொல்.

நேற்று ஒரு மகளிர் குழுவில் வகுப்பு இருந்தது. சொல் கிடைக்காமலே போய் நின்றேன். கருவாட்டிலிருந்து தொடங்கினேன், ஏனென்றால் அந்தக் குழுவில் பாதிப்பேர் கருவாடு போடுகிறவர்கள். மழைக்காலத்தில் கருவாட்டின் மேல் செக்கச்செவேல் என்று ஒன்று படியும், அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உப்பு முழுவதும் ஊறிய கருவாட்டின் எண் 0.75. பெரும்பாலான பாக்டீரியாவுக்கு 0.91க்குக் கீழே பிழைப்பு இல்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கெட்டிக்காரக் கிருமி மட்டும் 0.86 வரை தாக்குப்பிடிக்கும். ஆஸ்திரேலியாவின் நுண்ணுயிர் ஆய்வாளர் ஸ்காட் இந்தக் கிருமியை வைத்துத்தான் 1953இல் விஷயத்தை நிலைநாட்டினார். வளர்ச்சியைத் தீர்மானிப்பது ஈரத்தின் சதவீதம் அல்ல, இந்த எண்தான் என்று. அமெரிக்காவில் டப்பா உணவு விதிகளுக்கு 0.85 என்று கோடு போட்டதும் இந்தக் கிருமியைக் கணக்கில் வைத்துத்தான். ஆனால் அந்தச் சிவப்பு, உப்பையே விரும்பி வாழும் கூட்டம். 0.75லும் வளரும். உப்பு ஏறாத இடத்தில் மற்றவை, உப்பு ஏறிய இடத்தில் இவை.

அப்புறம் உப்பு ஜாடி. ஊறிய உப்புக் கரைசலின் எண் 0.75 என்றால், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஐப்பசியில் ஜாடியில் நாலு அரிசி போட்டு வைக்கிறோமே, அதன் கணக்கு இதுதான். காற்றின் ஈரப்பதத்தை நூறால் வகுத்தால் அதோடு சமநிலையில் நிற்கும் பொருளின் எண் வந்துவிடும். இதைச் சொன்னதும் ஓர் அம்மா, "அப்ப உப்பு எப்பவுமே 75ல காவல் நிக்குதா?" என்றார். எனக்குத் தோன்றாத வாக்கியம்.

இதற்கு நடுவில், திராட்சையைக் கையில் வைத்துக்கொண்டு, "உள்ளே இருக்கிற தண்ணி வெளியே போகத் துடிக்குது, சர்க்கரை விடமாட்டேங்குது" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவர்களே "இதுல துடிப்பு ஜாஸ்தி, அதுல கம்மி" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து யோசித்தால், 'துடிப்பான பிள்ளை' என்று நாம் சொல்வதும் ஆக்டிவ் என்பதைத்தானே?

நீர்த்துடிப்பு. எப்படி இருக்கிறது?

சோதித்துப் பார்த்தேன். 'இந்த ஜாமின் நீர்த்துடிப்பு 0.80.' நிற்கிறது. 'ஒரு கரைசலின் நீர்த்துடிப்பை 0.94க்கு இறக்க, 100 கிராமில் சுமார் 9 கிராம் உப்பு போதும், சர்க்கரையானால் சுமார் 48 கிராம் வேண்டும்.' இதுவும் நிற்கிறது. (ஊறுகாயில் உப்பை ஏன் கைப்பிடியாகப் போடுகிறோம், ஜாமில் சர்க்கரையை ஏன் கிலோவாகக் கொட்டுகிறோம் என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது. உப்பு மூலக்கூறு சிறிது, கரைந்ததும் இரண்டாகப் பிரியும்.) 'நீர்த்துடிப்பு குறைந்த உணவுகள்', 'நீர்த்துடிப்பு வரம்பு' எல்லாமே வாய்க்கு வருகின்றன.

மறு: நீர்த்துடிப்பு

அக்கா, கவிதைத் தலைப்பு மாதிரி இருக்கு. நாடித்துடிப்பு, இதயத்துடிப்பு என்றுதான் முதலில் ஞாபகம் வருகிறது. விட்டு விட்டு அடிப்பது என்ற பொருள் வந்துவிடாதா? செயற்பாட்டை நான் இன்னும் கைவிடவில்லை.

மறு: மறு: நீர்த்துடிப்பு

யாழ்ப்பாணத்துத் தம்பியின் ஐயம் நியாயமானது. நானும் முதலில் முகம் சுளித்தேன். ஆனால் துடித்தல் என்றால் தாளம் போட்டு அடிப்பது மட்டும் இல்லை. 'ஊருக்குப் போகத் துடிக்கிறான்' என்கிறோம். போகவில்லை, போக வேண்டும் என்று இருக்கிறான், யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். லூயிஸ் நினைத்தது அச்சாக அதுதான். செயற்பாடு என்றால் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது என்றல்லவா ஆகிறது?

என் ஆட்சேபம் வேறு இடத்தில். பொது வேதியியலில் ஆக்டிவிட்டி தண்ணீருக்கு மட்டும் உரியது அல்ல. உப்புக்கும் அமிலத்துக்கும் உண்டு. நாளைக்கு 'அமிலத்துடிப்பு' என்று எழுதச் சொன்னால் என் கை நடுங்கும். அந்தப் பொதுச்சொல்லை இதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். உணவுத் துறைக்கு மட்டும் நீர்த்துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். கருவிக்கு என்ன பெயர்?

மறு: மறு: மறு: நீர்த்துடிப்பு

எங்களிடம் அந்தக் கருவி ஒன்று இருக்கிறது. சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் பாதி அளவுக்கு மாதிரியைப் போட்டு மூடினால், உள்ளே ஒரு குட்டிக் கண்ணாடி குளிர்ந்துகொண்டே வந்து, அதன்மேல் பனி படியும் வெப்பநிலையைப் பிடித்து எண்ணைச் சொல்லும். கிண்ணத்தைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, விளிம்பில் சிந்தவும் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லித்தருகிறோம். 'நீர்த்துடிப்புமானி' என்றால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், 'துடிப்புமானி' என்றால் டாக்டர் வீட்டுச் சாமான் ஆகிவிடும். 'நீர்த்துடிப்பு அளவி' என்று பிரித்தே எழுதுங்கள் அக்கா.

மறு: மறு: மறு: மறு: நீர்த்துடிப்பு

அளவி என்றே போட்டுவிட்டேன். பாடத்தில் முதல் தடவை வரும்போது 'நீர்த்துடிப்பு, அதாவது வாட்டர் ஆக்டிவிட்டி' என்று சேர்த்து எழுதுகிறேன், அப்புறம் தனியாக. அடிக்குறிப்பில் 'நீர்ச் செயற்பாடு என்றும் கூறுவர்' என்று ஒரு வரி. யாழ்ப்பாணத்துத் தம்பிக்கு இப்போது கோபம் இல்லையே? கடலை பற்றி ஒரு பெட்டிச் செய்தியும் சேர்த்திருக்கிறேன். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்ததும், தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் அஃப்ளடாக்சின் என்ற பூசண நச்சு இருந்தது தெரியவந்ததும். கூடவே, கடலையைக் காதருகே ஆட்டி, பருப்பு உள்ளே கலகல என்கிறதா என்று நம் ஆட்கள் பார்ப்பது. பருப்பின் ஈரம் 7, 8 சதவீதத்துக்கு இறங்கினால் துடிப்பு 0.7க்கு வந்துவிடும். நச்சு உண்டாக்கும் பூசணத்துக்கு அது போதாது.

மெய்ப்பு இணைத்திருக்கிறேன், வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது.

மறு: மெய்ப்பு

பார்த்தேன் அம்மா. இரண்டாம் அட்டவணையில் இரண்டு இடத்தில் 'நீர்துடிப்பு' என்று ஒற்று விட்டுப்போயிருக்கிறது. அதைவிட முக்கியம், கருவாட்டு வரியில் '.75' என்று அச்சாகியிருக்கிறது. முன்னால் பூஜ்யம் போடுங்கள். புள்ளி மங்கிவிட்டால் 75 சதவீத ஈரம் என்று படித்துவிடுவார்கள்.