மேற்குச் சுவரும் நீல ஷீட்டும்

குழு: உறையூர் வீடு

அண்ணன்: மாடி மேற்குச் சுவர் புதன்கிழமை ஆரம்பம். நாலு மணி வெயிலில் அந்தப் பக்கம் அடுப்பு மாதிரி கொதிக்கும், அதனால் வெளிப்பக்கம் 2 அங்குல ஃபோம் ஷீட் ஒட்டிப் பூசிவிடலாம் என்கிறார் இன்ஜினியர். எல்லாரும் சரி என்றால் அட்வான்ஸ் கொடுத்துவிடுவேன்.

பெரியப்பா: தெர்மாகோலா? மீன் பெட்டியைச் சுவரில் ஒட்ட அட்வான்ஸ் வேறா.

அண்ணன்: இல்லை பெரியப்பா, எக்ஸ்பிஎஸ். நீலமாக, கெட்டியாக இருக்கும்.

பாப்பா: அண்ணா, இரண்டும் ஒரே பிளாஸ்டிக்தான், பாலிஸ்டைரீன். எந்த வாயுவை விட்டு உப்ப வைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். தெர்மாகோலுக்குப் பென்டேன், அதனால் பூமி சூடாவது குறைவு. எக்ஸ்பிஎஸ்ஸில் சில சரக்குக்கு எச்எஃப்சி-134ஏ, கார் ஏசியில் ஏற்றுகிற அதே வாயு. அது ஒரு கிலோ கசிந்தால் சுமார் 1,400 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்ட மாதிரி, ஷீட்டிலிருந்து வருடக்கணக்கில் மெதுவாகக் கசியும். என்ன வாயு என்று கேள்.

அண்ணன்: கேட்டேன். "நல்ல சரக்கு சார், பயப்படாதீங்க" என்கிறார்.

பெரியப்பா: கேட்டது என்ன, சொன்னது என்ன.

சின்ன மாமா: கனடாவில் பையன் வீட்டுச் சுவரில் ராக்வூல். கல்லிலிருந்து செய்வதாம், தீப்பிடிக்காதாம்.

பாப்பா: தீக்கு அதுதான் நல்லது மாமா. 2017-ல் லண்டன் கிரென்ஃபெல் கட்டடம் எரிந்து 72 பேர் இறந்தார்களே, அங்கே வெளிச்சுவரில் இருந்தது பிளாஸ்டிக் வைத்த தகடும் ஃபோமும். ஆனால் ராக்வூலுக்குக் கல்லை 1,500 டிகிரியில் உருக்கணும், அந்த எரிபொருள் செலவும் உண்டு. கனடாவில் மாதக்கணக்கில் ஹீட்டர் ஓடுவதால் ஈடாகிவிடும். நம் மாடியில் ஏசி போடுவதே சித்திரை வைகாசி ராத்திரியில் மட்டும்.

அத்தை: போன வருடம் பக்கத்து மனையில் மிச்சத் தெர்மாகோலைக் கொளுத்தியதில், கொடியில் கிடந்த துணியெல்லாம் மறுபடி துவைத்தேன். மீதித் துகள் உய்யகொண்டான் வாய்க்காலில் மிதந்தது. இதை யார் கணக்கில் எழுதுவது?

அண்ணன்: அப்போ வெந்து சாகவா?

பாப்பா: சுவர் இன்னும் எழும்பவே இல்லையே! செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவில் காலி விட்டுக் கட்டலாம், இதற்குப் பேர் ராட் டிராப் பாண்ட், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பியது. அதே 9 அங்குலச் சுவர், செங்கல் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சம், சூளையில் எரிகிறதும் அந்த அளவு குறையும், உள்ளே நிற்கிற காற்று வெயிலைத் தடுக்கும். ஃபோம் அளவுக்குத் தடுக்காது, பொய் சொல்ல மாட்டேன். அதனால் சுவருக்கும் மொட்டை மாடிக்கும் வெள்ளை அடித்து, வெளியே படர்கொடி ஏற்றிவிடு.

பெரியப்பா: கொடி வேண்டாம், பாம்பு வரும். வேம்பு வை.

அத்தை: வேம்பு மாடி உயரம் வளர்கிற வரை மேற்கு ரூமில் நீங்களே படுங்கள்.

அண்ணன்: மேஸ்திரி ஒரு தடவை கட்டியிருக்கிறாராம். பைப், ஒயர் போகிற இடத்தை முதலிலேயே குறித்துத் தரணுமாம், அப்புறம் வந்து தட்டினால் சுவர் பொத்தல்தான் என்கிறார். கூலியும் கொஞ்சம் கூட.

பாப்பா: ராத்திரிக்குள் வரைந்து அனுப்புகிறேன்.

சின்ன மாமா: ஷீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சா?

அண்ணன்: இல்லை மாமா.

பெரியப்பா: அந்தக் காசில் செங்கல் இறக்கு.